திற்பரப்பு ஊரா, நகரா?

(ஊரக நல்கை பற்றிய பொழிவு)



கோதையாறு மலையினின்று இறங்கி, பேச்சிப்பாறை அணையைக் கடந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வந்தபின், ஓர் அகன்ற பாறைமேல் பரந்து, ஐம்பதடி அளவுக்கு வீழ்கிறது. அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் தொலைவு ஆற்றின் படுகை முழுதும் ஒரே பாறை. அப்பாறை தொடங்கும் இடத்தில், நெல்வயல்களுக்கு நீர் திருப்புதற்கென முன்னையோர் கட்டிய தடுப்பணை. அணைக்கும் அருவிக்கும் நடுவே, இடக்கரையில், வலிய மதில் சூழ்ந்த சிவன்கோயில். மாசியில் சிவனிரவை ஒட்டிப் பன்னிரு கோயில்களை ஓடியே வழிபடும் 'சிவாலய ஓட்டத்தில்' இது மூன்றாவது கோயில். அதுவே திற்பரப்பு.

ஆற்றங்கரையை விட்டு உள்ளே நடந்தால் என்ன காணலாம்? இரப்பர்த் தோட்டம். அதனை அடுத்து வாழை, தென்னை, மரவள்ளி. இடையிடையே ஒவ்வொரு விளைக்குள்ளும் ஒவ்வொரு வீடு. விடியுமுன் தலைவிளக்கொடு சென்று மரம் மரமாய்ப் பால்வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலைத் தொகுத்து, பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் உரித்தெடுத்துத் திரும்பும் தொழிலாளர். இவ்விடத்தைக் கண்ட எவரும் இதனை நகர் என்று சொல்லத் துணியார். ஆயினும் அரசின் ஏட்டில் திற்பரப்பு நகரகம். அதன் பெயர் பேரூராட்சி. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தம் இத்தகைய ஊர்களை 'நாட்டுப்புறத்தினின்று நகர்ப்புறமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி' என்று வரையறுக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. பால்வெட்டுவோர் இன்னும் பால்தான் வெட்டிக்கொண்டிருக்கின்றனர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. தமிழியக்கத்தார் ஒரு சொல்லுக்காகப் போராடும்போதெல்லாம் இக்கேள்வி எழும். பெயரில் சாலை இருக்கிறது, குடிநீர்க் குழாய் இருக்கிறது, குளம் தூர்வாரும் பணம் இருக்கிறது, மழைக்கால அடுப்பில் ஏற வேண்டிய அரிசி இருக்கிறது என்பதே திற்பரப்பு தரும் விடை. அதனை விரித்துரைப்பதே இப்பொழிவின் நோக்கம்.

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் நன்று. அரசு ஊர்ப்பணிக்குத் தரும் தொகையை 'மானியம்' என்றும் 'கிராண்ட்டு' என்றும் அலுவலகங்களில் வழங்குகின்றனர். நல்குதல் என்னும் வினையிற் பிறந்த நல்கை என்னும் நற்சொல் இருக்க, இவை எதற்கு? ஆனால் நல்கை என்னும் சொல்லாட்சியிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கொடையாளி ஒருவன் மனமிரங்கித் தருவது போன்ற நினைப்பை அஃது உண்டாக்கலாகாது. சென்னையிலிருந்து வரினும் தில்லியிலிருந்து வரினும், அப்பணம் உப்பு வாங்குபவனும் தீப்பெட்டி வாங்குபவளும் செலுத்திய வரியின் மீள்வரவே. திற்பரப்பின் பால்வெட்டி வரி செலுத்தும்போது, 'நீ நகரத்தவனா, நாட்டுப்புறத்தவனா?' என்று எவரும் கேட்பதில்லை. பணம் திரும்பி வரும்போது மட்டும் அக்கேள்வி முதலிற் கேட்கப்படுகிறது.

'ஊர்' என்னும் சொல்லோ இன்னும் ஆழமானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்பது குடியிருக்கும் இடத்தை மட்டும் குறிப்பதன்று. உழுகுடிகள் கூடி முடிவெடுக்கும் அவைக்கும் ஊர் என்றே பெயர். உத்தரமேரூர்க் குடவோலையை மேடைதோறும் எடுத்துப் பேசுவது வழக்கமாகி விட்டது. அது பார்ப்பனர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் அவை என்பதை அப்பேச்சாளர் பலர் சொல்லாமல் விடுகின்றனர். பெரும்பான்மைத் தமிழ்க்குடிகள் கூடிய அவையின் பெயர் 'ஊர்' என்பதே. நிலத்தை விற்றதும், இறையிலி விட்டதும், ஏரிக்கு ஆள் திரட்டியதும் அந்த ஊர். நாஞ்சில் நாட்டிலும் நாட்டார் கூடி, அளவிறந்த வரியைச் செலுத்தோம் என 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவு செய்த செய்தி ஓலைகளில் உண்டு. ஆகவே ஊர் எனின் கூடும் உரிமை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். இவ்வுரிமையும் திற்பரப்பின் பெயரோடு போயிற்று என்பது பின்னர்ப் புலப்படும்.

திற்பரப்பு போன்ற ஊர்கள் நகராக எழுதப்பட்டது எவ்வாறு? அதற்குக் குமரி மாவட்டத்தின் பிறப்பையே நோக்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் என்னும் நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தொடு சேர்ந்தன. மார்சல் நேசமணி முதலியோர் தலைமையில் நடந்த போராட்டத்தையும், 1954 ஆகத்து 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிக்கு இரையானோரையும் இவ்வவையோர் அறிவர். நிலம் சேர்ந்தது. ஆனால் நிலத்தின் அமைப்பு வேறு.

சோழநாட்டிலும் பாண்டிநாட்டிலும் ஊர் என்பது ஒரு திரள். நடுவே கோயிலும் தெருவும், சுற்றிலும் வயல். அடுத்த ஊருக்கு வெட்டவெளியைக் கடந்து செல்ல வேண்டும். எண்ணுவதும் எளிது, எல்லையிடுவதும் எளிது. குமரியின் மேற்குப் பாதியிலோ வீடுகள் திரளா. அவரவர் விளையில் அவரவர் வீடு. ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று: விளை, கோடு, குழி, மூடு என முடிவன எத்தனை! விளை என்பது விளைநிலம். மூடு என்பது மரத்தின் அடி. மக்கள் தம் ஊரை வேளாண்மைச் சொல்லாலேயே அழைத்தனர். ஒன்று எங்கு முடிகிறது, மற்றொன்று எங்குத் தொடங்குகிறது என்று அயலார் கண்டுகொள்ள இயலாது. ஆதலின் திருவிதாங்கூர்-கொச்சி அரசு 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சிகளை வகுத்தபோது, பரப்பாலும் மக்கள் தொகையாலும் பெரியனவாக வகுத்தது. நிலத்துக்கு அது பொருந்தியது.

தமிழகத்தில் காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வேறோர் அளவுகோலைக் கொண்டது. 5,000 மக்களும் ஆண்டுக்குப் பத்தாயிரம் உருபா வருவாயும் உள்ள இடம் பேரூராட்சி. திரண்ட ஊர்களையுடைய கீழை மாவட்டங்களில் இவ்வளவுகோல் தவறன்று. அங்கே ஐயாயிரவர் ஓரிடத்தில் குழுமினால் சந்தையும் கடைத்தெருவும் தாமே தோன்றிவிடும். குமரியிலோ, பல மலைச்சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கும் குடிகளை ஓர் எல்லைக்குள் வளைத்தாலே ஐயாயிரம் ஆகிவிடும். அளந்த கோல் ஒன்று, அளக்கப்பட்ட நிலம் வேறு. இதன் விளைவாகவே குலசேகரம், பொன்மனை, கடையல், திற்பரப்பு எனக் குமரியில் பேரூராட்சிகள் அடுத்தடுத்து அமைந்தன. இன்று இம்மாவட்டத்தில் ஊராட்சிகள் 95. பேரூராட்சிகளோ ஏறத்தாழ ஐம்பது. வேறெந்த மாவட்டத்திலும் காணவொண்ணாத விகிதம் இது.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு குமரி மாவட்டத்தாருள் 82 விழுக்காட்டினரை நகர மக்கள் என்கிறது. சென்னையை விடுத்தால் தமிழகத்தில் முதலிடம் இதற்கே. ஆலை சூழ்ந்த கோவையும் இதற்குப் பின்னே! இதனைப் பெருமையாக எடுத்துரைப்பாரும் உளர். அக்கணக்கின் முறையை அவர் அறியார் போலும். புதிதாக ஓர் இடத்தை நகரென ஏற்பதாயின் மூன்று சோதனைகள் உண்டு: 5,000 மக்கள், சதுரக் கிலோமீட்டருக்கு 400 பேர் என்னும் நெருக்கம், ஆண் தொழிலாளருள் நூற்றுக்கு 75 பேர் வேளாண்மையல்லாத் தொழிலினர். ஆனால் சட்டப்படி முன்னரே பேரூராட்சியாக இருக்கும் இடத்துக்கு எச்சோதனையும் இல்லை. பெயர்ப்பலகையே சான்று. பெயரால் நகர் என்று எழுதுவர். எழுதியபின் அவ்வெழுத்தையே எடுத்துக்காட்டி நகர் பெருகிற்று என்பர்.

இனி நல்கைக்கு வருவோம். ஊரக வளர்ச்சிக்கென அரசுகள் வகுத்த பெருந்திட்டங்கள் பெரும்பாலும் 'ஊராட்சி' என்னும் பெயருடைய இடங்களுக்கே உரியன. நடுவண் அரசின் ஊரகச் சாலைத் திட்டம் 2000 திசம்பரில் தொடங்கியது. 2019-இல் வந்த வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய்த் திட்டமும் ஊரகத்துக்கே. இவ்விரண்டன் பெயரும் இந்தியில். தமிழகத்துத் தெருவில் நிற்கும் பலகையில் அப்பெயரைத் தமிழெழுத்தில் எழுதிவைத்தால் அது தமிழாகி விடுமோ? பொருள் தெரியாப் பெயரைக் கொண்டு உரிமை கேட்க மக்கள் எங்ஙனம் முன்வருவர்? மாநில அரசு இதில் குற்றமற்றது என்றும் சொல்வதற்கில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்குத் 'தாய்' என்று பெயர். இனிய தமிழ்ப் பெயர் என மகிழ்ந்தோர் பின்னர் அறிந்தனர், அஃது ஆங்கிலத் தொடரொன்றின் எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த கோவை என்று.

பெயர் எவ்வாறாயினும் அத்திட்டத்தின் உள்ளீடு ஒரு நல்ல படிப்பினை தருவது. அதற்கு முன், 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளுக்கும் தலைக்கு 20 இலக்கம் உருபா அளித்தது. ஐந்து குடியிருப்புகளை உடைய ஊராட்சிக்கும் இருபது, ஐம்பது குடியிருப்புகளை உடைய ஊராட்சிக்கும் இருபது. ஒன்றில் எல்லாத் தெருவுக்கும் விளக்கு வந்தது. மற்றொன்றில் நடுவூருக்கு மட்டும் வந்தது. இக்குறையை உணர்ந்தே அடுத்த திட்டம் ஊராட்சியை விடுத்துக் குடியிருப்பை அலகாகக் கொண்டது. 79,394 குடியிருப்புகள் எண்ணப்பட்டன. எதனை ஒன்றென எண்ணுவது என்பதை மாற்றியவுடன் பணம் செல்லும் வழியும் மாறிற்று. அளவுகோலை மாற்ற இயலும் என்பதற்கு அரசே காட்டிய எடுத்துக்காட்டு இது. ஆனால் அந்த மாற்றமும் ஊராட்சி எல்லைக்குள்ளேயே நின்றது. திற்பரப்பின் சிதறிய குடியிருப்புகள் அவ்வெண்ணிக்கையுள் வாரா.

பேரூராட்சிக்கு ஒன்றுமே வருவதில்லை என்று சொல்வது பொய்யாகும். தமிழியக்க மேடையில் பொய் வேண்டா. பேரூராட்சிகளுக்கென 1981-லேயே தனி இயக்ககம் அமைந்தது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தை ஒட்டிப் பேரூராட்சிகளுக்கும் தலைக்கு 50 இலக்கம் உருபாத் திட்டம் ஒன்று வந்தது. மக்கள் மூன்றிலொரு பங்கு தந்தால் எஞ்சியதை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டம் 1997-98-இல் தோன்றி, இடையே பெயர் மாறி, 2021-க்குப் பின் ஊரகத்துக்கும் நகரகத்துக்கும் தனித்தனியே நடந்தது. அருவி காண வருவோர் தரும் கட்டணமும் திற்பரப்புப் பேரூராட்சிக்கு உண்டு. தெருவிளக்கும் குப்பை அகற்றலும் ஊராட்சியினும் பேரூராட்சியில் சீராக நடக்கும் என்று கருதி நகர்ப்பெயரை விரும்புவோரும் உள்ளூரிலேயே இருத்தல் கூடும். அதனை மறுத்தல் வேண்டா.

ஆயினும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். நிதிக்குழு எனப்படும் 15-ஆம் பொருட்பகிர்வு ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கெனப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி உருபா. நகரக உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி. இந்த இரண்டாம் பங்கில் பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட மக்களையுடைய மாநகரங்களின் பகுதியும் அடங்கும். அப்பகுதியைக் கழித்த பின்னும், சாக்கடையும் பேருந்து நிலையமும் கேட்டு நிற்கும் நகராட்சிகளின் வரிசையிலேயே, தோட்டத்துக்கு வழி கேட்கும் திற்பரப்பும் நிற்க வேண்டியுள்ளது. யானைப் பந்தியில் ஆட்டுக்குட்டி எதைத் தின்னும்?

தேர்தலிலும் இப்பெயர் இடர்செய்தது. தமிழகத்து உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்தோபரில் முடிந்தது. குமரி மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2019 திசம்பரில் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளுக்கோ 2022 பிப்பிரவரி 19 வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் மக்கள் தேர்ந்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கே நல்கை என 14-ஆம் ஆணையம் வரையறுத்திருந்த காலம் அது. பக்கத்து ஊராட்சியில் தலைவர் அமர்ந்து இரண்டு ஆண்டு கழிந்த பின்னரே திற்பரப்பில் மன்றம் கூடிற்று.

இவை எல்லாவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது நூறு நாள் வேலை. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலையுறுதிச் சட்டம் வெறும் கூலித் திட்டமன்று. ஊருக்குக் குளமும், தடுப்பணையும், வாய்க்காலும், மண்சாலையும் ஆக்கித் தந்த பொதுப்பணித் திட்டம் அது. எந்த வேலை வேண்டும் என்பதை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும் என்று விதித்ததும் அச்சட்டம். 2025-26-இல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 உருபா. நூறு நாளும் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600 உருபா.

பால்வெட்டும் குடும்பத்துக்கு இத்தொகையின் பொருள் என்ன? குமரியில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. மழை ஓய்ந்து மூச்சு விடுமுன் மரம் இலையுதிர்க்கும். அப்போதும் பால் குன்றும். ஆண்டில் இருமுறை அடுப்பு அணையும் தொழில் இது. போதாக்குறைக்கு 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. இரப்பர் மரங்கள் வேரொடு சாய்ந்தன. இரப்பர்க்கன்று நட்டால் வெட்டுக்கு வர ஏழாண்டு ஆகும். அந்நிலையில் திருவட்டாறு ஒன்றியத்து அருவிக்கரை, பேச்சிப்பாறை, சுருளகோடு போன்ற ஊராட்சிகளின் தொழிலாளிக்கு வேலை கேட்கச் சட்டப்படி ஓர் உரிமை இருந்தது. அதே மழையில் நனைந்து, அதே புயலில் மரமிழந்த திற்பரப்புத் தொழிலாளிக்கு அவ்வுரிமை இல்லை. அவர் நகரத்தவர் அன்றோ!

இங்கே ஒரு வரலாற்றை நிறுத்தி நோக்குதல் வேண்டும். இது பரவலாக அறியப்படாதது, அறியத் தக்கது.

ஊரக நல்கை பேரூராட்சிகளுக்கு எட்டாமையைத் தமிழக அரசு உணராமலில்லை. உணர்ந்தே 2004 சூனில் ஓர் ஆணை பிறப்பித்தது. அப்போதிருந்த பேரூராட்சிகள் 611. அவற்றுள் மக்கள் மிகுந்த ஏறத்தாழ ஐம்பது, மூன்றாம் நிலை நகராட்சிகளாயின. எஞ்சிய 560-க்கும் மேற்பட்டவை 'சிறப்பு ஊராட்சிகள்' எனப் பெயர் மாறின. நடுவண் அரசின் ஊரக வளர்ச்சிப் பணம் பெறுதற்கென்றே இம்மாற்றம் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. ஒரே ஆணையால் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நகர்கள் ஊர்களாயின! ஒரு கல் பெயரவில்லை, ஒரு மரம் வெட்டப்படவில்லை. நேற்றுவரை நகர், இன்று ஊர்.

இரண்டாண்டு சென்றது. 2006-இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு சூலையில் வேறோர் ஆணை. சிறப்பு ஊராட்சிகள் யாவும் மீண்டும் பேரூராட்சிகளாயின. இம்முறையும் ஒரு கல் பெயரவில்லை.

இனி நாட்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு நாள் வேலைச் சட்டம் தமிழகத்தில் 2006 பிப்பிரவரியில் முதலில் ஆறு மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. குமரி அவற்றுள் இல்லை. மறு ஆண்டு நான்கு மாவட்டங்கள். அவற்றுள்ளும் குமரி இல்லை. 2008 ஏப்பிரலில்தான் எஞ்சியவற்றொடு குமரிக்கும் வந்தது. அப்போது குமரியின் பேரூராட்சிகள் ஊர் என்னும் பெயரை இழந்து ஒன்றே முக்கால் ஆண்டாகியிருந்தது. கதவு திறந்திருந்தபோது உள்ளே பந்தியில்லை. பந்தி தொடங்கியபோது கதவு சாத்தியிருந்தது.

2004 ஆணை சரியென்றும் 2006 ஆணை பிழையென்றும் சொல்வது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. மெய்யாகவே கடைத்தெருவும் தொழிலும் பெருகி நகராகி வந்த பல பேரூராட்சிகளும் 2004-இல் ஊராக்கப்பட்டன. பணம் பெறுதற்காகப் பெயரை மாற்றுவது, பசிக்கு வேடம் போடுவதை ஒக்கும். பிழை யாதெனின், இரண்டு முறையும் மொத்தமாக எழுதியதே. ஒவ்வோர் இடத்திலும் மக்கள் எத்தொழிலால் வாழ்கின்றனர் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வூர் மக்களைக் கூட்டிக் கேட்கவுமில்லை.

கேட்பதற்கு அவையும் இல்லை என்பதையே முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது. ஊராட்சிக்குச் சட்டப்படி ஊரவை உண்டு. குடியரசு நாளிலும், மே முதல் நாளிலும், விடுதலை நாளிலும், காந்தியடிகள் பிறந்த நாளிலும் வாக்காளர் அனைவரும் கூடலாம், கணக்குக் கேட்கலாம். பின்னர் மார்ச்சு 22-உம் நவம்பர் முதல் நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறாயின. பேரூராட்சிக்கு அது கிடையாது. நகரகத்துக்கெனப் பகுதி அவைகளின் விதிகள் 2022-இல்தான் வந்தன. ஊர் என்னும் சொல் அவையையே குறித்த ஒரு மொழிக்குரிய நாட்டில், ஊர்ப்பெயர் போனதும் அவையும் போயிற்று. சொல்லும் பொருளும் இத்துணை நேரே சேர்ந்து அழிந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு காண்டல் அரிது.

மலையெல்லைக்கு அப்பால் நோக்கினால் உண்மை இன்னும் தெளிவாகும். திருவனந்தபுரம் மாவட்டத்து வெள்ளறடை திற்பரப்பினின்று தொலைவிலில்லை. அங்கும் இரப்பர், அங்கும் அதே இருமழை, அங்கும் விளைக்கொரு வீடு. ஆனால் வெள்ளறடை ஊராட்சி. கேரளத்தில் பேரூராட்சி என்னும் இடைநிலையே கிடையாது. பதினையாயிரம், இருபதாயிரம் மக்களுக்கு மேலுள்ள இடங்களும் அங்கு ஊராட்சிகளே. ஊரக நல்கைகளும் நூறு நாள் வேலையும் அவற்றுக்கு வந்தன. நகரத்து ஏழைகளுக்கெனவும் 2010-இல் அய்யன்காளி பெயரால் ஒரு வேலையுறுதித் திட்டத்தை அவ்வரசு தொடங்கியது. தமிழகத்திலும் 2022-இல் நகர்ப்புற வேலைத் திட்டம் தொடங்கியது உண்மையே. ஆனால் சோதனை முறையில், மாவட்டத்துக்கு ஒரு பேரூராட்சியாக மொத்தம் 37-இல் மட்டும். குமரியில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றுள் ஒன்று!

தமிழர் நிலம் தமிழகத்தொடு சேர வேண்டும் என்று உயிர் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகள், எல்லைக்கு அப்பாலுள்ளவர் பெற்றதைத் தாம் பெறவில்லையே எனப் பெருமூச்சு விடும் நிலையை உண்டாக்கலாமா? இது கேரளத்தைப் போற்றும் பேச்சன்று. தாய் வீட்டுக்கு வந்த மகளின் உடலை அளவாமல், அக்கையின் சட்டையை அணிவித்த குறையைச் சுட்டும் பேச்சு.

இச்சிக்கல் திற்பரப்போடு நிற்பதுமன்று. 2025-இன் தொடக்கத்தில் தமிழக அரசு புதிய பேரூராட்சிகளையும் நகராட்சிகளையும் அமைக்கவும், நூற்றுக்கு மேற்பட்ட ஊராட்சிகளை மாநகராட்சிகளொடு இணைக்கவும் முனைந்தது. மாவட்டந்தோறும் மக்கள் மனு கொடுத்தனர், மறியல் செய்தனர். அவர்கள் சொன்ன முதற் கரணியம், நூறு நாள் வேலை போய்விடும் என்பது. நகராவது வளர்ச்சி என்று பாடநூல் படித்தவர்க்கு இது வியப்பாயிருந்திருக்கும். குமரியார்க்கு வியப்பில்லை, அவர்கள் பட்டறிந்தவர்கள்.

2025 திசம்பரில் அந்த நூறு நாள் சட்டத்துக்கு மாற்றாக நடுவண் அரசு வேறொரு சட்டம் இயற்றியது. நாட்களை 125 ஆக்கியது. செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலங்களின் தலையில் ஏற்றியது. பெயரை இந்தி கலந்த நீண்ட தொடராக்கியது. ஆனால் 'ஊரகம்' என்னும் சொல்லை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. ஆதலின் திற்பரப்புக்குக் கதவு இன்னும் சாத்தியே உள்ளது.

செய்யத்தக்கது யாது? மறுபடியும் ஐந்நூறு ஊர்களுக்கு ஒரே ஆணை வேண்டா. தொழிலை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். ஒரு பேரூராட்சியில் உழவு, தோட்டம், மரவேலை, ஆடுமாடு ஆகியவற்றால் வாழ்வோர் பெரும்பான்மையராயின், அவ்விடம் ஊரக நல்கைக்கு உரியது எனச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தல் வேண்டும். பெயர் பேரூராட்சியாகவே இருப்பினும் இருக்கட்டும். தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் இழக்க வேண்டியதில்லை. மாவட்டத்தை ஒன்றாக எண்ணாமல், பேரூராட்சியை ஒன்றாகவும் எண்ணாமல், குடியிருப்பை அலகாகக் கொண்டு பகுத்தால் இன்னும் நன்று. 2011-இல் ஊராட்சிகளுக்குச் செய்தது பேரூராட்சிக்குள்ளும் செய்யக் கூடாததன்று. கடைத்தெருவைச் சேர்ந்த கண்டங்கள் நகராகவே நிற்கலாம். மலையடி விளைகள் ஊராகலாம். அதற்குமுன் அவ்வவ்விடத்து மக்களைக் கூட்டி, தமிழில் எழுதிய கணக்கை அவர்முன் வைத்து, எதனை விரும்புகின்றனர் எனக் கேட்டல் வேண்டும்.

சான்று இல்லாத கோரிக்கையை அலுவலகங்கள் மதியா. 2027 மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொள்வதாக அறிவிக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கில் திற்பரப்பு மறுபடியும் நகராகவே எழுதப்படும். அதற்கென எல்லைகளை முன்னரே உறுதிசெய்து விட்டனர். ஆனால் அதே கணக்கில் ஒவ்வொருவர் தொழிலும் கேட்டெழுதப்படும். எழுத வருபவரிடம் பால்வெட்டுவோர் 'தோட்டத் தொழில்' என்று தெளிவாகச் சொல்லி, எழுதியதைப் படித்துக்காட்டச் செய்தல் வேண்டும். ஆண்டில் இத்தனை திங்கள் வேலையில்லை என்பதையும் மறவாமல் சொல்லுதல் வேண்டும். அவ்வெண்கள் வெளிவந்ததும், பேரூராட்சி வாரியாகத் தொழிற்கணக்கைக் கேட்டு எழுதும் முதல் மடல் திற்பரப்பிலிருந்தே செல்லட்டும். மடல் தமிழில் இருக்கட்டும். விடையும் தமிழிலேயே வேண்டும் என்று அதன் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதுக.